சோற்றைப் பிரிந்த கறி

மதுரையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் "கறி எடுத்தாச்சா?" என்று ஒருவர் கேட்டால், அவர் கேட்பது ஆட்டிறைச்சியை மட்டுமே. கோழி என்றால் "கோழிக்கறி" என்று அடை சேர்த்துச் சொல்ல வேண்டும். மீன் என்றால் அந்தச் சொல்லே அங்கு வராது. கும்பகோணத்து அக்கிரகாரம் ஒன்றில் "இன்னிக்கு என்ன கறி?" என்று கேட்டால், வாழைக்காயா, சேப்பங்கிழங்கா, கத்தரிக்காயா என்பதுதான் கேள்வி; குழம்பும் ரசமும் அந்தக் கேள்விக்குள் அடங்கா, இறைச்சிக்கோ அங்கு இடமே இல்லை. யாழ்ப்பாணத்தில் இதே கேள்விக்குப் பருப்புக்கறி, மீன்கறி, கத்தரிக்காய்க் கறி, வெள்ளைக்கறி என்று நான்கைந்து விடைகள் ஒன்றாக வரலாம். நாஞ்சில் நாட்டிலோ மீன்கறி என்பது தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு. ஒரே மொழியைப் பேசுவோர் ஒரு சிறு சொல்லுக்கு இத்தனை பொருள் வைத்திருக்கையில், அந்தச் சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டு மஞ்சள் நிறத்தில் கெட்டியாக இருக்கும் எதற்கும் பெயராக்கிவிட்டது என்று குறைப்பட்டுக்கொள்வதில் நமக்கு எவ்வளவு உரிமை இருக்கிறது என்று தோன்றலாம்.

ஆனால் மேலே சொன்ன வீடுகளின் கேள்விகளைச் சற்று உற்றுப் பார்த்தால், அவை ஒரே கேள்விதான் என்பது விளங்கும். சோறு இருக்கிறது, அதோடு சேர்த்து உண்ண என்ன இருக்கிறது என்பதே அது. அந்த வீட்டில் சோற்றுக்குத் துணையாக முதன்மை பெறும் பண்டம் எதுவோ, அதன்மேல் போய் அமர்ந்துகொள்கிறது கறி என்ற பெயர். தமிழில் கறி என்பது ஒரு பதார்த்தத்தின் பெயராக இருந்ததைவிட, இலையில் ஓர் இடத்தின் பெயராகவே பெரும்பாலும் இருந்திருக்கிறது. இந்தச் சொல் கடல் கடந்தபோது தொலைத்தது அந்த இடத்தைத்தான்.

சொல்லின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் சோறும் இல்லை, குழம்பும் இல்லை, மிளகு இருக்கிறது. "யவனர் தந்த வினைமாண் நன்கலம் பொன்னொடு வந்து கறியொடு பெயரும் வளங்கெழு முசிறி" என்று எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றின் 149ஆம் பாடலில் கூறும் கறி, சேர நாட்டு மலையிலிருந்து வந்து மேற்கே கப்பலேறிய மிளகுதான். "கறிவளர் அடுக்கம்" என்று சங்கப் பாடல்கள் மலைச்சாரலைச் சொல்லும்போதும் அங்கு வளர்வது மிளகுக் கொடியே. பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துக்கு வண்டிகளில் வந்து இறங்கிய சரக்கை "காலின் வந்த கருங்கறி மூடை" என்கிறது. இந்தத் தொடரில் ஒரு சிறு சான்று ஒளிந்திருக்கிறது. மிளகு கறுப்பாக இருப்பதால்தான் அதற்குக் கறி என்று பெயர் வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. கறி என்பதற்கே கறுப்பு என்று பொருள் இருந்திருந்தால், "கரு" என்ற அடையை முன்னால் வைக்கப் புலவருக்குத் தேவை இருந்திராது. கரிய நிறத்துக்கும் அடுப்புக் கரிக்கும் உரிய இடையின ரகரம் வேறு, இந்தச் சொல்லின் வல்லின றகரம் வேறு.

பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே பெரும்பாணாற்றுப்படையையும் பாடினார். அதில் வழிநெடுகப் பொதி சுமந்து செல்லும் கழுதைகளின் முதுகில் இருப்பதை "மிரியல்" என்கிறார்; அதுவும் மிளகுதான், வடமொழியின் மரிசத்தோடு உறவுடைய சொல். பாணனின் சுற்றம் அந்தணர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் கிடைக்கும் உணவைச் சொல்லும்போது சொல் மாறுகிறது. செம்பசுவின் மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வெந்த மாதுளங்காய்த் துண்டுகளோடு "கறி கலந்து, கஞ்சக நறுமுறி அளைஇ" என்கிறது அந்த அடி. கஞ்சகம் என்பதைக் கருவேம்பு என்று உரை சொல்லும். நாம் கறிவேப்பிலை என்கிற அதே மணமான கொழுந்து. கூடவே மாவடு ஊறுகாயும் வருகிறது. காயைத் துண்டாக்கி, நெய்ப்பசையில் வேகவைத்து, மிளகைக் கலந்து, கறிவேப்பிலையைச் சேர்த்து, சோற்றோடு வைப்பது இன்றும் பல வீடுகளில் கறி என்றே அழைக்கப்படும் பண்டம். ஆனால் அந்த அடியில் கறி என்பது முழுப் பண்டத்துக்கும் பெயரன்று, அதில் விழுந்த காரத்துக்கு மட்டுமே பெயர். சேர்க்கப்பட்ட பொருளின் பெயர் சேர்க்கையின் பெயராக மாறுவதற்கு ஓர் எட்டுத்தான் பாக்கி இருந்தது.

அந்தக் காலத்தில் குழம்புக்கும் இறைச்சிக்கும் வேறு பெயர்கள் இருந்தன என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். புதிதாக மணமான பெண் கட்டித் தயிர் பிசைந்த விரலை உடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணில் படிய, கணவனுக்குச் சமைத்து வைக்கும் குறுந்தொகையின் 167ஆம் பாடல் பலருக்கும் நினைவிருக்கும். அவள் ஆக்கியது "தீம்புளிப் பாகர்", தாளிப்பு "குய்". இறைச்சியோ ஊன் என்றும் தடி என்றும் வழங்கியது. கீரைக்கு அடகு என்று பெயர். இத்தனை சொற்கள் கையில் இருக்க, பின்னாளில் கறி என்ற ஒன்று இவற்றுள் பலவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது எப்படி?

இதற்கு மிளகு வழி ஒன்று, வினைச்சொல் வழி ஒன்று என இரண்டு பாதைகளைச் சொல்லலாம். கறித்தல் என்றால் கடித்து மெல்லுதல்; ஆடு தழையைக் கறிக்கும், எலி பலகையைக் கறிக்கும் என்று இன்றும் பேசுகிறோம். அந்த வினையடியிலிருந்தே, நாக்கைக் கடிக்கும் மிளகும், கடித்து உண்ணப்படும் காயும் இறைச்சியும் தனித்தனியே பெயர் பெற்றிருக்கலாம். அல்லது, மிளகிட்ட பண்டம் என்ற பொருளில் தொடங்கி, மிளகு இட்டாலும் இடாவிட்டாலும் சோற்றின் துணை எல்லாம் கறி என்று விரிந்திருக்கலாம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. மிளகின் பெயராகக் கறி வழக்கொழிந்து மிளகு என்ற சொல் நிலைத்ததும், கறி என்ற சொல் சமையற்கட்டில் முழுநேர வேலைக்கு வந்துவிட்டது என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணம் பாடியபோது அந்த மாற்றம் முழுமையாக முடிந்திருந்தது. இளையான்குடி மாறனார் கதையைப் பாருங்கள். நள்ளிரவு, கொட்டும் மழை, பசியோடு வந்த அடியார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பகலில் வயலில் விதைத்த நெல்லை மழையில் தடவித் தடவி வாரிக் கொண்டுவந்து கொடுக்கிறார் கணவர். வீட்டின் வரிச்சுக் கம்புகளை உருவி விறகாக்குகிறார். மனைவி அந்த ஈர நெல்லை வறுத்து, குற்றி அரிசியாக்கி, உலையிலிட்டுச் சோறாக்கிவிடுகிறார். அதன் பிறகு கணவரைப் பார்த்துக் கேட்கிறார்: "கறிக்கு இனி என் செய்கோம்?" சோறு மட்டும் உணவாகாது என்பதும், சோற்றுக்கு அடுத்த கேள்வி கறிதான் என்பதும் இந்த நான்கு சொற்களில் அடங்கியிருக்கின்றன. அவர் கொல்லையில் போய்க் குழி நிரம்பாத இளம் பயிரைப் பறித்து வந்து கறிக்குக் கொடுக்க, அந்த ஒன்றையே வேறு வேறு கறிகளாக ஆக்குகிறார் அந்த அம்மையார். இதே நூலின் சிறுத்தொண்டர் கதையில் பைரவ வேடத்தில் வந்தவர் கேட்கும் கறியோ, நடுங்கவைக்கும் வேறொன்று. பெற்றோர் தம் மகனை அரிந்து சமைக்க வேண்டிய ஊன். ஒரே நூலில், ஒரே புலவர் வாக்கில், கீரையும் கறி, ஊனும் கறி. பொருள் எது என்பதை இலைதான் தீர்மானித்தது.

சோழர், பாண்டியர் காலக் கோயில் கல்வெட்டுகளிலும் இறைவனுக்குப் படைக்கப்பட்ட திருவமுதுப் பட்டியலில் நெய்யமுது, தயிரமுது ஆகியவற்றோடு கறியமுது இடம்பெறுகிறது. பொரிக்கறி, புளிங்கறி என்று சமைக்கும் முறையைக் கொண்டும் பிரித்திருக்கிறார்கள். வைணவ வீடுகளில் கறியமுது என்ற சொல் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. மலையாளம் இந்த ஒழுங்கை நம்மைவிடக் கெட்டியாகக் காத்து வைத்திருக்கிறது: சோற்றில் ஊற்றிக்கொள்வது ஒழிச்சுகறி, தொட்டுக்கொள்வது தொடுகறி, காயும் கடலையும் கூடியது கூட்டுகறி. தமிழில் காய்கறி என்ற இணைச்சொல்லும், ஈழத்திலும் மலேசியாவிலும் வழங்கும் மரக்கறி என்ற சொல்லும் அந்தப் பழைய விரிவின் மிச்சங்கள். மரத்திலும் செடியிலும் கிடைப்பது மரக்கறி என்று தனியே சொல்ல வேண்டியிருந்தது என்றால், வெறும் கறி என்ற சொல்லை இறைச்சி நெருக்கத் தொடங்கியிருந்தது என்றுதானே பொருள்?

இந்த நிலையில்தான் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்தா 1563இல் அச்சிட்ட மூலிகை உரையாடல் நூலில், தேங்காயைப் பற்றிப் பேசும்போது, கோழியும் இறைச்சியும் கொண்டு செய்யும் ஓர் உணவை இவர்கள் "கரில்" என்கிறார்கள் என்று எழுதினார். ஈற்றில் வந்து ஒட்டிக்கொண்ட லகரத்துக்குக் கன்னட வடிவமே காரணம் என்று, ஆங்கிலேயர் பேச்சில் கலந்த இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி கருதுகிறது. போர்ச்சுக்கீசியத்தில் "இல்" என்று முடியும் பெயர்கள் பன்மையில் "இஸ்" என்று திரிவதால், "கரிஸ்" என்ற பன்மையிலிருந்து பின்னோக்கி வந்த ஒருமை இது என்றும் விளக்கலாம். எப்படியாயினும் போர்ச்சுக்கல்லில் இன்றும் அது கரில்தான்.

டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூல் 1598இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது சொல்லும் அதோடு ஆங்கிலத்தில் நுழைந்தது. இந்நாட்டார் மீனைச் சாற்றில் வேகவைத்துச் சோற்றின்மேல் ஊற்றி உண்கிறார்கள், அது காயாக இருக்கும் திராட்சையைப் போலச் சற்றே புளிக்கும், ஆனால் நன்றாக இருக்கும், இதுவே இவர்களின் அன்றாட உணவு என்று அவர் விவரிக்கிறார். புளியிட்ட மீன் குழம்பு என்பது நமக்கு உடனே தெரிகிறது. இலங்கையில் கண்டி அரசரிடம் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், பழுக்காத காய்களை வேகவைத்து "கரீஸ்" செய்கிறார்கள், அதாவது சோற்றோடு சேர்த்து அதற்குச் சுவையூட்டும் ஒன்று, என்கிறார். இந்த இருவருமே சரியாகப் பிடித்துவிட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் கண்டது மீன், மற்றவர் கண்டது காய். ஆனால் இருவர் விளக்கத்திலும் சோறு தவறாமல் வருகிறது.

அடுத்த நூற்றாண்டில்தான் அது தவறிவிடுகிறது. 1747இல் லண்டனில் வெளியான ஹன்னா கிளாஸ் என்பவரின் சமையல் நூலில் "இந்திய முறையில் கறி" செய்யும் குறிப்பு ஒன்று உண்டு. இரண்டு கோழி அல்லது முயல், மூன்று நான்கு சிறிய வெங்காயம், எண்ணி 30 மிளகு, நெருப்பள்ளும் கரண்டியைச் சுத்தமாக்கி அதில் வறுத்துப் பொடித்த கொத்தமல்லி விதை, ஒரு தேக்கரண்டி உப்பு. எல்லாவற்றையும் தண்ணீரோடு மெல்ல வேகவைத்து, கடைசியில் ஒரு பெரிய அக்ரூட் கொட்டை அளவு வெண்ணெய். மிளகாய் இல்லை, மஞ்சள் இல்லை. மஞ்சளும் இஞ்சியும் பிந்திய பதிப்புகளில்தான் வந்தன. மிளகும் மல்லியும் வெண்ணெயுமாக அது பெரும்பாணாற்றுப்படையின் பண்டத்துக்கு எதிர்பாராத அளவு கிட்டத்தில் நிற்கிறது என்பது ஒரு வேடிக்கை. ஆனால் அந்தக் குறிப்பில் அரிசியும் இருக்கிறது. எங்கே? பானைக்குள்ளே, ஒரு பெரிய கரண்டி அளவு, குழம்பு கெட்டிப்படுவதற்காக! சோற்றுக்குத் துணை போன கறிக்கு இப்போது அரிசி துணையாகிவிட்டது. உறவு தலைகீழானதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் பார்த்ததில்லை.

நாக்ஸின் எழுத்துக்கூட்டலில் அகரமாக இருந்த முதல் உயிர் பின்னர் "யு" என்ற ஆங்கில எழுத்தாக மாறியதைக் கண்டு, அது "குரி" என்ற வேறொரு சொல்லிலிருந்து வந்ததோ என்று சிலர் ஐயுறுவர். பஞ்சாப், பங்களா ஆகிய சொற்களின் அகரத்தையும் ஆங்கிலேயர் அதே எழுத்தால்தான் எழுதினார்கள். "கப்", "கட்" என்ற சொற்களில் அந்த எழுத்துக்கு உள்ள ஒலி அதுதான். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் தொகுத்த ஏட்டின் பெயரில் "கியூரி" என்ற சொல் இருப்பதைக் காட்டி, கறி ஆங்கிலச் சொல்லே என்று வாதிடுவோரும் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பொருள் சமையற்கலை. பிரெஞ்சு மொழியின் சமைத்தல் என்ற வினையிலிருந்து வந்தது. லின்ஸ்கோட்டனும் நாக்ஸும் சோற்றோடு கண்ட பண்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. வட இந்தியாவில் மோரும் கடலை மாவும் சேர்த்துச் செய்யும் "கடீ" என்ற பண்டத்தை மூலமாகக் காட்டும் முயற்சியும் இப்படித்தான். பழைய ஐரோப்பியச் சான்றுகள் அனைத்தும் மேற்குக் கடற்கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருகையில், வடக்கே போய் வேர் தேட வேண்டிய தேவை இல்லை.

உருவைவிடப் பொருளை அதிகம் மாற்றியது பொடி. இந்தியாவிலிருந்து ஊர் திரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்குச் சுவை நாக்கில் தங்கிவிட்டது, சமையற்காரர்தான் உடன் வரவில்லை. மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம், மிளகு எல்லாவற்றையும் ஒன்றாகப் பொடித்து அடைத்து விற்றபோது, எதில் அதைத் தூவினாலும் அது கறி என்றாயிற்று. தமிழ்நாட்டு வீடுகளிலும் கறிப்பொடி உண்டுதான். ஆனால் கடலைப்பருப்பு, உளுத்தம்பருப்பு, மல்லி, மிளகாய் வற்றல் ஆகியவற்றை வறுத்துப் பொடித்து, வதங்கிய காயின்மேல் இறக்கும் நேரத்தில் தூவும் அது, கறிக்கான பொடி. பொடி இல்லாவிட்டாலும் கறி கறியாகவே இருக்கும். லண்டன் டப்பாவில் இருந்ததோ கறியையே உண்டாக்கும் பொடி. யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: மிளகாயும் மல்லியும் தூக்கலாக, கறிவேப்பிலையும் சேர்த்து வறுத்து இடித்த அது ஏறக்குறைய எல்லாக் கறிக்கும் போகும். ஆனால் அதை இட்டதால் ஒன்று கறியாவதில்லை என்பதற்கு, அந்தத் தூள் படாத வெள்ளைக்கறியே அங்கு சாட்சி.

ஆங்கிலேயர் எல்லோருமே இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ளவில்லை என்று சொல்லிவிட முடியாது. 1886இல் ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன் அகராதி, சுவை குறைந்த தானிய உணவோடு சிறிதளவு சேர்க்கப்படும் சுவை மிக்க பண்டம் என்பதே இந்நாட்டு உணவில் கறியின் உரிய வேலை என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். அந்த ஊர்ப் பந்தியைப் பார்த்தவருக்கு இது புரிந்ததில் வியப்பில்லை. ஆகவே, கறி என்பது ஆங்கிலேயர் கற்பித்த பொய், இந்தியாவில் அப்படி ஒன்றே கிடையாது என்று இப்போது அடிக்கடி சொல்லப்படும் கூற்றை நான் பாதிக்கு மேல் ஏற்க மாட்டேன். ரோகன் ஜோஷையும் கோர்மாவையும் சாலனையும் ஒரே பெயரில் அடைத்தது அவர்கள் செய்த தவறு. அந்தச் சமையல்களுக்குச் சொந்தக்காரர்கள் கோபப்படுவது நியாயம். தெற்கே இருப்பவர்களுக்கு அந்தக் கோபம் பொருந்தாது. சொல் நம்முடையது, ஆயிரம் ஆண்டுகளாகச் சமையற்கட்டில் கேட்டுக்கொண்டிருப்பது.

கிழக்கே போன சொல் வேறு விதமாகப் பிழைத்தது. தாய்லாந்தினர் தங்கள் குழம்பு வகைகளைக் "கேங்" என்பார்கள்; அவற்றில் மஞ்சள் நிறமான ஒன்றுக்கு மட்டுமே "கரி" என்ற பெயர். பச்சை, சிவப்பு எல்லாவற்றையும் கறி ஆக்கியது ஆங்கிலம்தான். ஜப்பானுக்கு இந்தச் சொல் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வழியாகவே போனது. கோதுமை மாவு இட்டுக் கெட்டியாக்கும் வழக்கமும் கூடவே போனது. 1908இல் ஜப்பானியக் கடற்படை வெளியிட்ட சமையல் கையேட்டில் அதற்குச் செய்முறை உண்டு. அவர்கள் அதற்கு வைத்த பெயர் "கரே ரைசு". பானைக்குள் ஒரு கரண்டியாகச் சுருங்கிய அரிசி, அங்கே தட்டில் சரிபாதியாகவும் பெயரில் சரிபாதியாகவும் திரும்பி வந்துவிட்டது. ஆங்கிலேயரிடமிருந்து தப்பி ஜப்பானில் அடைக்கலம் புகுந்த வங்காளப் புரட்சியாளர் ராஷ் பிகாரி போஸ், 1927இல் டோக்கியோவில் தம் மாமனார் குடும்பத்தின் நாகமுராயா கடையில் அசல் இந்திய உணவு என்று அறிமுகப்படுத்தியதும் கறிதான். அதன் பெயரைக் "கரே" என்று எழுதாமல் "கரீ" என்று எழுதினார்கள். தம் தாய்மொழியில் குழம்பை "ஜோல்" என்று சொல்லும் நாட்டில் பிறந்தவர், தமிழிலிருந்து ஆங்கிலம் எடுத்த சொல்லின் உச்சரிப்பைத் திருத்த வேண்டியிருந்தது. ஜெர்மனியின் கதை இன்னும் எளிது: 1949 செப்டம்பரில் பெர்லினில் ஹெர்தா ஹோய்வர் என்பவர் வறுத்த தொத்திறைச்சியின்மேல் தக்காளிச் சாற்றையும் கறிப்பொடியையும் சேர்த்து ஊற்றினார், அங்கே கறி என்பது முழுக்க முழுக்கப் பொடியின் பெயர்.

வெளியே போன சொல் இப்போது ஊருக்கும் திரும்பியிருக்கிறது, எழுத்து மாறி. தமிழ்நாட்டு நெடுஞ்சாலை உணவகங்களின் பலகைகளில் "சிக்கன் கரி", "வெஜ் கரி" என்று இடையின ரகரத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். தமிழாகப் படித்தால் அது கருகிப்போன கோழி. எழுதியவருக்கு வீட்டில் தின்னும் கறி வேறு, இங்கு விற்கும் கரி வேறு. இரண்டும் ஒரே சொல் என்று அவருக்குத் தோன்றவில்லை, தோன்ற வேண்டிய காரணமும் இல்லை. அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து இரண்டு பரோட்டா சொன்னால், பரிமாறுபவர் துண்டைத் தோளில் போட்டபடி திரும்பி நின்று, இளையான்குடியில் ஒரு மழையிரவில் கேட்கப்பட்ட அதே கேள்வியை வேறு சொல்லில் கேட்பார்: "தொட்டுக்க என்ன?"